விண்டோஸ் 11-க்கு மாறியதும் ரெக்கார்டிங்கில் 'டிக் டிக்' சத்தமா?

உடனே ரேமை மாற்ற ஓடாதீர்கள். முதலில் ரீப்பர், கியூபேஸ் போன்ற ரெக்கார்டிங் மென்பொருளின் ஆடியோ அமைப்பில் எந்த டிரைவர் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். அப்கிரேடுக்குப் பிறகு ஆடியோ இன்டர்ஃபேஸின் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) சொந்த ஏசியோ டிரைவர் (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் வகை) போய், விண்டோஸின் பொது டிரைவர் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது சகஜம். டிவைஸ் மேனேஜரில் பழையதை அன்இன்ஸ்டால் செய்து, யுஎஸ்பி கேபிளைக் கழற்றி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். தயாரிப்பாளர் தளத்திலிருந்து விண்டோஸ் 11-க்கான டிரைவரைப் போட்ட பிறகே கேபிளைச் செருகவும்.

அடுத்து பஃபர், அதாவது கணினி ஒரு தடவைக்குக் கையாளும் ஒலித் துண்டின் அளவு. 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 ஒலி அளவீடுகள், அதாவது சாம்பிள்கள்) 128 சாம்பிள் என்றால், ஒவ்வொரு துண்டையும் முடிக்கக் கணினிக்குக் கிடைப்பது சுமார் 2.7 மில்லி செகண்ட்தான். அதற்குள் வேறு டிரைவர் குறுக்கிட்டால் சத்தம் அறுந்துபோகும். பாடிப் பதியும்போது 256, மிக்ஸிங்கில் 1024 வைக்கலாம். ஆனால் 1024-லும் அறுந்தால் குற்றவாளி பஃபர் அல்ல.

அப்போது, எந்த டிரைவர் தாமதப்படுத்துகிறது என்று காட்டும் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, டிரைவர்கள் பட்டியலைப் பாருங்கள். என்டிஐஎஸ் (நெட்வொர்க் டிரைவர்) மேலே நின்றால் பெரும்பாலும் வைஃபைதான் காரணம். பதியும் நேரத்தில் அதை அணைத்துப் பாருங்கள். ஏசிபிஐ என்றால் மின்சேமிப்பு சம்பந்தப்பட்டது. பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கி, டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் டிக்கை எடுத்துவிடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் 48,000, ப்ராஜெக்டில் 44,100 என்று இருந்தாலும் சில இன்டர்ஃபேஸ்கள் தடுமாறும். இரண்டையும் ஒன்றாக்குங்கள்.