தீபாவளி லீவில் ரவுட்டரைத் தொடுமுன்

சுங்கை சிப்புட் வீட்டிலிருந்து கோலாலம்பூர் ஆபீஸின் சிஸ்கோ ரவுட்டரில் கைவைப்பதானால், முதலில் 'ரீலோட் இன் 10' என்ற கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். ஒரு ஏசிஎல் (யாரை உள்ளே விடலாம் என்று சொல்லும் அனுமதிப் பட்டியல்) வரி தவறி நீங்களே வெளியே மாட்டிக்கொண்டாலும், 10 நிமிடத்தில் அது தானே ரீஸ்டார்ட் ஆகி, கடைசியாகச் சேமித்த கான்ஃபிகரேஷனோடு எழுந்துவிடும். சேமிக்காத மாற்றம் மெமரியோடு போய்விடும். முறுக்கு மாவைப் பாதியில் விட்டுவிட்டு நெடுஞ்சாலை நெரிசலில் காரை ஓட்ட வேண்டாம்.

எல்லாம் சரியென்றால் 'ரீலோட் கேன்சல்', அதற்குப் பிறகே மாற்றத்தைச் சேமிக்கும் 'ரைட் மெமரி'. பலர் கேன்சலை மறந்துவிடுவார்கள். நன்றாக ஓடும் லைன் திடீரென்று அறுந்துவிடும்.

மைக்ரோட்டிக் என்ற இன்னொரு நிறுவனத்தின் ரவுட்டரில் இது பலிக்காது, மாற்றம் உடனே பதிவாகிவிடும். அங்கே டெர்மினலில் கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தி சேஃப் மோடில் (இணைப்பு அறுந்தால் மாற்றங்களைத் தானே திரும்பப் பெறும் முறை) வேலை செய்யுங்கள். ஃபர்ம்வேர் (ரவுட்டரை இயக்கும் மென்பொருள்) அப்கிரேடை மட்டும் லீவு முடிந்து நேரில் போய்ச் செய்யுங்கள். அதற்கு இரண்டுமே உதவாது.