தயிரில் பாக்டீரியா பார்ப்பது எப்படி?

பாக்டீரியா செல்லில் உட்கரு கிடையாது. சுவருக்குள் டிஎன்ஏ சுருண்டு கிடக்கும். இந்த உள்ளமைப்பு வீட்டு மைக்ராஸ்கோப்பில் தெரியாது. ஆனால் செல்லின் வடிவமும், அது பிரிந்து பெருகிய தடமும் நன்றாகத் தெரியும். அதற்குத் தயிரே போதும்.

100 மடங்கு ஆயில் இமெர்ஷன் லென்ஸும் (ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் நடுவே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்ஸ்) 10 மடங்கு கண்வில்லையும் உள்ள மைக்ராஸ்கோப் வாங்குங்கள். யுஎஸ்பி மைக்ராஸ்கோப் வேண்டவே வேண்டாம். பெட்டியில் என்ன போட்டிருந்தாலும் ஒரு மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள செல்லை அது காட்டாது. சாயத்துக்கு மெத்திலீன் புளூ. சிங்கப்பூரில் சிராங்கூன் நார்த் பக்கம் வளர்ப்பு மீன் கடைகளில் கேளுங்கள்.

அடுத்ததுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். தயிரை அப்படியே தடவினால் புரதமும் கொழுப்பும் சாயத்தைக் குடித்துவிடும். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரைப் பல்குச்சி முனையில் தொட்டு, ஸ்லைடில் ஒரு சொட்டு நீரோடு கலந்து பரப்புங்கள். காய்ந்ததும் ஸ்லைடைத் தமிழ் முரசு நாளிதழின் மேல் வைத்தால் எழுத்து தெளிவாகப் படிக்க வர வேண்டும். இல்லையென்றால் கழுவிவிட்டு மறுபடி தடவுங்கள்.

நம் ஊர் ஈரப்பதத்தில் சீக்கிரம் காயாது, ஃபேனுக்கு அடியில் வையுங்கள். ஈரத்தோடு சூடாக்கினால் செல்கள் சிதைந்துவிடும். நன்றாகக் காய்ந்தபின், தடவிய பக்கம் மேலே இருக்க, அடுப்புத் தீயில் மூன்று முறை சட்டென்று காட்டி எடுங்கள். செல்கள் இறந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் சாயம் ஒரு நிமிடம், பிறகு மெதுவாக அலசி டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, இமெர்ஷன் எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பாருங்கள்.

உருண்டைகள் சரமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ்; குச்சிகள் லாக்டோபேசில்லஸ். அந்தச் சரத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். செல் முதலில் டிஎன்ஏவைப் பிரதி எடுக்கிறது, பிரதிகள் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. எஃப்டிஎஸ்இசட் என்ற புரதம் நடுவில் வளையம் கட்ட, அங்கே சுவர் உள்நோக்கி வளர்ந்து செல்லை இரண்டாக்குகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் பிரிந்து, பிரிந்தபின்னும் ஒட்டிக்கொண்டே இருப்பதால்தான் சரம். நடுவில் ஒடுங்கிய செல் கண்ணில் பட்டால், அது பிரிந்துகொண்டிருந்தபோதே சிக்கியது! உறை ஊற்றிய உடனே ஒரு ஸ்லைடும், உறைந்தபின் ஒன்றும் எடுத்து ஒப்பிட்டால் பெருக்கம் கண்கூடு.

பின்சேர்க்கை: நீலத் திட்டுகள் மட்டுமே தெரிகின்றன என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். அது பால் புரதம். இன்னும் நீர் சேர்த்து, தடவலின் ஓரத்தில் தேடுங்கள். உறைந்தபின் சூடுபடுத்திய தயிரிலும் பாக்டீரியா தெரிகிறதே என்று ஒரு வாசகி கேட்டார். இறந்த செல்லும் சாயம் ஏற்கும், அதனால் தெரிவதெல்லாம் உயிரோடு இருப்பதாகக் கொள்ள முடியாது. அந்தத் தயிரில் ஒரு கரண்டியை வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றிப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.