“புதுசு போட்டாச்சே, அது இருக்காது”

வேலூர் பக்கம் கார் வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களைப் பார்த்தால், அந்தக் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்துதான். அப்போது கையில் டெஸ்ட் லைட், இப்போது வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனர். வயர் இணைக்கிற கப்ளரைச் சரியாக மாட்டாதது, போல்ட்டை மறந்தது எல்லாம் நாலு திட்டு வாங்கினால் சரியாகிவிடும், அதை விட்டுவிடுகிறேன். வண்டிக்காரர் காசைக் கரைக்கிற தவறுகள் வேறு.

எரர் கோடு பெயர் சொன்ன பொருளை உடனே மாற்றுவது

ஸ்கேனரில் பி0335 என்ற எரர் கோடு வந்தால், கிராங்க் சென்சார் (எஞ்சினின் கிராங்க் தண்டு சுற்றுவதை உணர்கிற பொருள்) சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். சென்சார் போய்விட்டது என்று அது சொல்லவில்லை. சர்க்யூட் என்றால் சென்சார், கப்ளர், வயர், எர்த், ஈசியூ (எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர்) எல்லாம் சேர்ந்ததுதான். எலி கடித்த வயருக்கும் இதே கோடு வரும்.

இன்னொன்று. பல சென்சார்களுக்கு ஈசியூ ஒரே 5 வோல்ட் சப்ளையைப் பங்கிட்டுக் கொடுக்கும். அதில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் அந்த லைனில் உள்ள மற்றவையும் சேர்ந்து கோடு கொடுக்கும். ஒரே நேரத்தில் மூன்று, நான்கு சென்சார் கோடு வந்தால் கடைக்கு ஓடாமல் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுதான் ஆள்.

புதுசு என்பதால் அதைச் சந்தேகிக்காமல் விடுவது

இதைக் கேட்டாலே எனக்கு இன்னமும் எரிச்சல் வரும்.

காட்பாடி ஸ்டேஷனில் டாக்ஸி ஓட்டுகிற ஒருவரின் டீசல் வண்டி. காலையில் ஜம்மென்று ஓடும். அக்னி நட்சத்திர வெயிலில் ஆம்பூர் போய்த் திரும்பினால், பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் நின்றுவிடும். அரை மணி நேரம் ஓரம் கட்டி ஆறவிட்டால் மறுபடி ஓடும். வேறொரு ஷெட்டில் முதல் வேலையாக கிராங்க் சென்சாரை மாற்றியிருந்தார்கள். அங்கே சந்தேகப்பட்டது சரிதான்; போட்ட பொருள்தான் ஒரிஜினல் விலையில் கால்வாசிக்குக் கிடைத்தது. அதன் பிறகும் வண்டி நின்றது. சென்சார் புதுசு, ஆகவே டீசல் லைனில்தான் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். ஃபில்டர் மாற்றினார்கள். டேங்கை இறக்கிக் கழுவினார்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றி டெஸ்டுக்கு அனுப்பினார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்தது, பில் மட்டும் ஏறியது. ஹை பிரஷர் பம்ப்பிலும் கை வைக்கலாம் என்று பேச்சு வந்தபோதுதான் வண்டி எங்களிடம் வந்தது.

“அண்ணா, சென்சார்ல கை வைக்காதீங்க, அது போன மாசம்தான் போட்டது” என்றார் டாக்ஸிக்காரர். அதைத்தான் முதலில் பார்த்தோம்.

வண்டியை நன்றாகச் சூடேற்றி, அது நின்ற கையோடு செல்ஃப் அடித்துக்கொண்டே ஸ்கேனரில் ஆர்பிஎம் பார்த்தோம். பூஜ்யம். எஞ்சின் சுற்றுவது நம் காதுக்குக் கேட்கிறது, ஈசியூவுக்குத் தெரியவில்லை. கிராங்க் சுற்றுவது தெரியாமல் அது டீசலைத் தெளிக்காது. அப்புறம் டீசல் லைனில் எதைக் கழற்றி என்ன பயன்?

அது இரண்டு வயர் சென்சார்; உள்ளே செம்புக் கம்பிச் சுருள். கழற்றி மீட்டர் வைத்தால் ஆறிய நிலையில் 900 ஓம் பக்கம் காட்டியது. ஹேர் டிரையரால் சூடு காட்டக் காட்ட அளவு மெல்ல ஏறியது, திடீரென்று ஓபன், அதாவது இணைப்பே இல்லை. ஆறியதும் மறுபடி பழைய அளவு. சூட்டில் உள்ளே எங்கோ விட்டுப்போய், ஆறினால் ஒட்டிக்கொள்கிற பொருள். ஷெட்டில் நிழலில் நின்று சோதித்தால் ஆயுசுக்கும் இது பிடிபடாது. (சுருளுக்குப் பதில் சிப் வைத்த மூன்று வயர் ஹால் சென்சாருக்கு இந்த ஓம் சோதனை செல்லாது. அதற்கு சப்ளை, எர்த் பார்த்துவிட்டு சிக்னலை அலையாகக் காட்டும் ஸ்கோப்பில் பார்க்க வேண்டும்.)

புதுப் பொருள் என்றால் இதுவரை யாரும் ஓட்டிப் பார்க்காத பொருள், அவ்வளவுதான். மலிவு கிராங்க் சென்சாரில் இன்னொரு தொல்லை, மூக்கின் நீளம். கிராங்கோடு சுற்றுகிற பல்சக்கரத்துக்கும் சென்சார் மூக்குக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளிதான் இருக்கும். மூக்கு அரை மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலே, செல்ஃப் அடிக்கிற மெதுவான சுற்றில் சிக்னல் ஈசியூவுக்குப் பத்தாமல் போகலாம். மாட்டும் முன் பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்து பாருங்கள்.

பழசைக் குப்பையில் போடுவது

வேண்டாம். வண்டி ஒழுங்காக ஓடுகிறது என்று தெரியும்வரை டிக்கியில் கிடக்கட்டும்.

பெட்டியைப் பார்த்து வாங்குவது

ஹாலோகிராமோடு பெட்டி அச்சடிப்பது பெரிய வித்தை இல்லை. 2011 பேக்கேஜ் விதிகளின்படி தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, மாதம், ஆண்டு, எம்ஆர்பி, புகாருக்கான தொடர்பு எல்லாம் பெட்டி மேல் இருக்க வேண்டும். இல்லாததைத் தொடாதீர்கள், இருக்கிறது என்பதற்காக மட்டும் நம்பியும் விடாதீர்கள். பொருளின் மேலேயே உள்ள பார்ட் நம்பரைப் பழசோடு ஒப்பிடுங்கள். எலக்ட்ரிக்கல் சாமானுக்கு ரிட்டர்ன் கிடையாது என்று போர்டு தொங்கும் கடையில், காசு கொடுக்கும் முன் கவுண்டரிலேயே மீட்டரை எடுங்கள். முறைப்பார்கள், முறைக்கட்டும். இங்கே கிடைக்காவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளிலிருந்து பார்சலில் வரவழைக்கலாம். அதுவரை பொறுக்க முடியாமல்தான் பாதி டூப்ளிகேட் வண்டிக்குள் ஏறுகிறது.

எரர் கோடை மட்டும் அழித்துவிட்டுச் சாவியைக் கொடுப்பது

காட்பாடி தாண்டும் முன் டாஷ்போர்டில் எஞ்சின் லைட் மறுபடி எரியும். கோளாறு வந்த நேரத்தில் பதிவான ஆர்பிஎம், சூடு விவரமும் கோடோடு சேர்ந்து அழிந்திருக்கும்.

கண்ட சிலிகான் பேஸ்டைத் தடவுவது

புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு விஷம்.

எல்லாமே கம்பெனிப் பெட்டியில்தான் வேண்டும் என்பது

இதுவும் வீண் செலவு. கார் கம்பெனி பெயரில் வரும் சென்சார்கள் பலவும் பாஷ், டென்சோ போன்றவர்கள் செய்து கொடுப்பவைதான். அவர்கள் சொந்தப் பெட்டியில் வாங்கினால் பெரும்பாலும் விலை குறையும். கிராங்க், ஏர் ஃப்ளோ (எஞ்சினுக்குள் போகும் காற்றை அளப்பது), ஆக்சிஜன் மூன்றிலும் அதற்குக் கீழே நான் இறங்குவதில்லை.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் அப்படியில்லை, அதை வீட்டிலேயே சோதித்துவிடலாம். பல வண்டிகளில் 20 டிகிரியில் 2.5 கிலோ ஓம் என்று புத்தகத்தில் இருக்கும். வேலூரில் 20 டிகிரிக்கு எங்கே போவது? 30 டிகிரியில் 1.7 கிலோ ஓம் பக்கம் வரும். ஒரு டம்ளர் வெந்நீரில் முனையை மட்டும் முக்கி, தெர்மாமீட்டரையும் வைத்தால் 80 டிகிரியில் 300 ஓம் சுமாருக்கு இறங்க வேண்டும். நடுவில் எங்கும் எகிறாமல் இறங்கினால் லோக்கலையே மாட்டுங்கள்.