கேம்பஸ் ரேடியோவில் முதல் நிகழ்ச்சி செய்யப் போகிறவர்களுக்கு

யாருக்காகப் பேசப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கல்லூரி நடத்தும் சமுதாய வானொலிக்கு, அதாவது சுற்றுவட்டார மக்களுக்கான சிறு நிலையத்துக்கு, பொதுவாக 100 வாட் ஒலிபரப்புத் திறன் வரைதான் அனுமதி. அது சில கிலோமீட்டர் போகும், அவ்வளவுதான். உங்கள் நேயர்கள் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள். தனியார் எஃப்எம் தொகுப்பாளர் மாதிரி வேகமாகப் பேசிப் பழகுவது வீண்வேலை.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995இல். கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு 2002 கடைசியில் ஒப்புக்கொண்டது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எஃப்எம் தொடங்கியது. நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி நம் சென்னையில்தான் வந்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

சரி, வேலைக்கு வருவோம். ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். நான் படித்தபோது கல்லூரிக்குப் பின்தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த அக்காவைப் பேட்டி எடுத்தேன். “உங்கள் வாழ்க்கை அனுபவம் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் யாருக்குமே வாய் வராது. “காலையில் முதல் ஈடு எத்தனை மணிக்குக்கா?” என்று கேட்டேன். கேஸ் விலை, மகனின் ஃபீஸ், மழைநாளில் மிஞ்சும் மாவு என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். ஒலிபரப்பான அன்று கடைக்கு வந்தவர்களையெல்லாம் நிறுத்திவைத்துக் கேட்கச் செய்தார். வானொலி என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தக் கடையில்தான்.

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் ‘ப’ வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். மைக்கைப் பேட்டி கொடுப்பவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஹெட்போன் இல்லாமல் பதிவு செய்யவே வேண்டாம். உள்ளே உட்கார்ந்து பேசினால் மின்விசிறியை நிறுத்துங்கள். கிளம்பும் முன் யாரும் பேசாமல் அரை நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தைப் பதிந்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை ஒட்ட அது உதவும். பேசியவரின் தயக்கத்தையும் சிரிப்பையும் வெட்டிவிடாதீர்கள்.

சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் மறு ஒலிபரப்பு செய்யலாம். இந்த விதியில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் மின்தடை, குடிநீர் வரும் நேரம், புயல் எச்சரிக்கை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு எல்லாம் செய்திக் கணக்கில் வராது. தாராளமாகச் சொல்லலாம். தெருப்பெயரோடு சொல்லுங்கள், அந்தத் தெருக்காரர்கள் மறுநாளும் கேட்பார்கள்.

அப்புறம், மாணவர்கள் நடத்தும் நிலையத்துக்குப் பெரிய சிக்கல் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பது. இரண்டு மூன்று வருடத்தில் எல்லோரும் போய்விடுவோம். ஒலிபரப்பியதை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் அழிக்கவே அழிக்காதீர்கள். கோப்பின் பெயரில் தேதி, தெரு, பேசியவர் பெயர் மூன்றும் இருக்கட்டும். இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒன்றைத் துறை அலமாரியில் வையுங்கள். எது எங்கே இருக்கிறது என்பதை ஜூனியர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டிவிட்டுப் போங்கள்.