தரை ஆர்க்கிட் தேடிச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் மாதத்தில் மழை பிடித்ததும் மும்பையின் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நம் தமிழர்கள் லோனாவ்லா, மாத்தேரான் மலைகளுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களில் புதிதாகச் செடி பார்க்க வருவோர் ஒவ்வோர் ஆண்டும் ஒரே தவறுகளைச் செய்வதைக் கண்டே இதை எழுதுகிறேன். நான் சொல்வது ஹபெனேரியா கிராண்டிஃப்ளோரிஃபார்மிஸ் என்னும் சிறிய ஆர்க்கிட்டைப் பற்றி. செம்புரைப் பாறைமேல் படிந்த மெல்லிய மண்ணில், வட்டமான ஒற்றை இலை தரையோடு ஒட்டிக் கிடக்க, அதன் நடுவிலிருந்து எழும் குட்டையான தண்டில் ஒன்றிரண்டு வெள்ளைப் பூக்கள் மலரும்.

கிழங்கோடு பெயர்த்தெடுப்பது

சென்ற ஆண்டு உடன் வந்த இளைஞர் ஒருவர், நான் தடுப்பதற்குள் வீட்டுச் சாவியால் மண்ணைக் கிளறிப் பூத்த செடியை எடுத்துவிட்டு, "பால்கனியில் வைத்தால் அழகாக இருக்கும், அண்ணா" என்றார். அவர் உள்ளங்கையில் இரண்டு கிழங்குகள் இருந்தன: ஒன்று பழுப்பேறிச் சுருங்கியது, மற்றொன்று பட்டாணி அளவே வளர்ந்த வெள்ளைக் கிழங்கு. சென்ற மழையில் சேர்த்த உணவை இலைக்கும் பூவுக்கும் கொடுத்துவிட்டு முதற்கிழங்கு வற்றிப்போகிறது. அடுத்த ஆண்டுக்கான புதுக்கிழங்கை, மழைக்காலம் முழுவதும் அந்த ஒற்றை இலைதான் நிரப்ப வேண்டும். ஆகவே பூக்கும் வேளையில் பிடுங்கினால் பழையதிலும் உணவு இல்லை, புதியதிலும் இல்லை. தப்பிப் பிழைத்தாலும், மழை ஓய்ந்தபின் மண்ணுக்குள் உலர்ந்து உறங்க வேண்டிய கிழங்கு, தொட்டியில் தினமும் ஊற்றும் தண்ணீரில் அழுகிவிடும். விதையும் தூசியைப்போல நுண்ணியது. தனக்கென உணவு இல்லாததால், மண்ணிலுள்ள உரிய பூஞ்சையின் துணையின்றி அது முளைத்து வளராது. அந்தச் செடியை அதே குழியில் உடனே நட்டோம். இந்த ஜூனில் அங்கே இலை வரவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. போரிவிலி சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள் இவ்வாறு செடியைப் பெயர்ப்பது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

பூவை மட்டும் பார்த்து நடப்பது

எல்லாச் செடியும் எல்லா ஆண்டும் பூப்பதில்லை. பூவைப் படமெடுக்க முழங்காலிடுமுன், காலடியில் நசுங்கும்படி சுற்றிலும் பூவற்ற வட்ட இலைகள் கிடக்கின்றனவா என்று பாருங்கள்.

புல்லைப் பிடுங்கிவிட்டுப் படமெடுப்பது

கையால் ஒதுக்கிப் பிடித்தாலே போதும்.

இடத்தைத் துல்லியமாகப் பகிர்வது

படத்தைப் பகிரும்போது, செடியைப் பெயர்ப்போர் தேடி வராதிருக்க, இடத்தைப் பற்றி மலையின் பெயருக்கு மேல் எதையும் எழுத வேண்டாம்.

காலம் கடந்து போவது

இது பூப்பது ஜூன், ஜூலை மாதங்களில். கணபதி விடுமுறைக்குப் போனால் பூவைப் பார்க்க முடியாது.