மார்த்தாண்டம் தேன் விற்கும் இணையதளத்தில் என்ன எழுதலாம்?

முதலில் கடையின் வாட்ஸ்அப்பைத் திறந்து, கடைசி 3 மாதம் வந்த கேள்விகளை வாங்குபவர் கேட்ட சொற்களிலேயே ஒரு நோட்டில் எழுதுங்கள். “தேன் உறைஞ்சிருக்கே, சீனி கலந்ததா?” என்பதுதான் அநேகமாக முதலிடத்தில் நிற்கும். அதற்கு “எங்கள் தேன் நூறு சதவீதம் சுத்தமானது” என்று எழுதினால் பதிலாகாது. கலப்படம் செய்பவரும் அதையேதான் எழுதுவார்.

கேள்வியையே தலைப்பாக வையுங்கள். முதல் வரியில் நேரான பதில்: “இல்லை, ரப்பர் தோட்டத்தில் எடுக்கும் தேன் இயல்பாகவே சீக்கிரம் உறையும்.” அடுத்து காரணம்: குளுக்கோஸ் மிகுந்த தேன் விரைவில் படிகமாகும். பிறகு செய்முறை: பாட்டிலை 40 டிகிரி வெந்நீரில் வையுங்கள், அடுப்பில் நேரடியாகச் சூடாக்க வேண்டாம். ரப்பர் மரம் தளிர்விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரையே தேனீ எடுக்கிறது என்பதையும் சேர்த்தால், வெளியூர்க்காரர் நின்று படிப்பார்.

விலை, எடை, கூரியர் கட்டணம், வழியில் பாட்டில் உடைந்தால் என்ன என்பதை எல்லாம் பொருளின் பக்கத்திலேயே போடுங்கள். 14 இலக்க உணவு உரிம எண்ணும் அங்கேயே இருக்கட்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடாது என்பதை, விற்பனை குறைந்தாலும், மறைக்காதீர்கள். விலைப்பட்டியலைப் படமாக ஏற்றாமல் எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். விலை மாறினால் உடனே திருத்தலாம்.

கூகுள் தேடலில் உங்கள் இணைப்புக்குக் கீழேயே கேள்வி-பதில் விரிந்து தெரிய, தளத்தில் தனி நிரல் (code) சேர்க்க வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால் யோசியுங்கள். 2023 ஆகஸ்டிலேயே கூகுள் அந்த விரிந்த காட்சியைப் பெரும்பாலும் அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது.