சி ஷார்ப்பில் எந்த ஜெனரிக் ஓவர்லோட் ஓடும்? முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி

ஒரே பெயரில் வெவ்வேறு உள்ளீடுகளுக்காக எழுதிய மெத்தடுகள்தான் ஓவர்லோட்கள். டைப்பின் இடத்தில் 'டி' என்று வெற்றிடம் விட்டு எழுதியது ஜெனரிக். ஜெனரிக் மெத்தடும் சாதாரண மெத்தடும் ஒரே பெயரில் இருந்தால் சாதாரணமானதுதான் ஓடும் என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் சரி. இரண்டும் சமமாகப் பொருந்தினால் மட்டுமே அந்த விதிக்கு வேலை. பெரும்பாலும் அதற்கு முன்பே முடிவு தெரிந்துவிடும்.

குழப்புகிற வரியை எடுத்துக்கொண்டு, அந்தப் பெயரிலுள்ள மெத்தடுகளை எழுதுங்கள். டிரைவ்ட் கிளாஸில் (இன்னொரு கிளாஸிலிருந்து பிறந்தது) பொருந்துகிற ஒன்று இருந்தால், பேஸ் கிளாஸில் (அந்த மூல கிளாஸ்) அதைவிட நன்றாகப் பொருந்துவது இருந்தாலும் கம்பைலர் அதைப் பார்க்காது. பேஸின் மெத்தடையே டிரைவ்டில் மாற்றி எழுதினால், அதாவது ஓவர்ரைடு செய்தால், அது பேஸின் கணக்கில்தான் சேரும்.

அடுத்து, ஆர்க்யுமென்டை (அழைக்கும்போது கொடுக்கும் மதிப்பு) பார்த்து ஒவ்வொரு ஜெனரிக்கிலும் 'டி'யை நிரப்புங்கள். நிரப்ப முடியாததை அடித்துவிடுங்கள். உதாரணத்துக்கு 'பதிவு' என்ற பெயரில் மெத்தடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெறும் நல் (மதிப்பு எதுவும் இல்லை) கொடுத்தால் பதிவு<டி>(டி) இப்படித்தான் வெளியேறும்.

இப்போது எது டைப் மாறாமல் பொருந்துகிறது என்று பாருங்கள். பதிவு(லாங்), பதிவு<டி>(டி) இரண்டும் இருக்க, பதிவு(5) என்று அழைத்தால் டி என்பது இன்ட். அது அப்படியே பொருந்துகிறது, லாங்குக்கோ மாற்றம் வேண்டும். ஆகவே ஜெனரிக்தான் ஓடும். பதிவு(ஆப்ஜெக்ட்) இருந்தாலும் இதே கதி. பதிவு(ஸ்ட்ரிங்) இருந்து ஸ்ட்ரிங்கையே கொடுத்தால் இரண்டும் சமம். அப்போதுதான் சாதாரண மெத்தடுக்கு முன்னுரிமை.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது கலெக்ஷனில். பதிவு<டி>(டி), பதிவு<டி>(ஐஎனுமரபிள்<டி>) என இரண்டு வைத்து லிஸ்ட்<இன்ட்> கொடுத்தால், முதலாவதில் டி முழு லிஸ்டாகவே நிரம்பி அச்சாகப் பொருந்திவிடும். இரண்டாவது எட்டிக்கூடப் பார்க்காது. பதிவு<டி>(லிஸ்ட்<டி>) என்று ஒன்று சேர்த்தால் அது எடுபடும்: நிரப்பிய பின் இரண்டும் சமம், ஆனால் இது குறிப்பானது. இருந்தாலும் அர்ரே, ஹேஷ்செட் என்று ஒவ்வொன்றுக்கும் சேர்த்துக்கொண்டே போக வேண்டிவரும். கலெக்ஷனுக்கு வேறு பெயர் வைப்பதே நல்லது.

கன்ஸ்ட்ரெயின்டை (டி எப்படிப்பட்ட டைப்பாக இருக்கலாம் என்ற கட்டுப்பாடு) மட்டும் மாற்றி இரண்டு ஓவர்லோட் எழுத முடியாது. சிஎஸ்0111 பிழை வரும். ஆனால் சி ஷார்ப் 7.3 முதல், கன்ஸ்ட்ரெயின்டுக்கு ஒத்துவராத மெத்தட் போட்டியிலிருந்தே நீக்கப்படுகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் அதையே தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு பிழை சொல்லும்.

இன்னொன்றை மிகக் கவனமாகப் பாருங்கள். அனுப்பு<டி>(டி மதிப்பு) என்ற மெத்தடுக்குள் பதிவு(மதிப்பு) என்று எழுதினால், எது என்பது அந்த வரியைக் கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடும். அங்கே தெரிவது டி மட்டும்தான். பிறகு யாராவது ஸ்ட்ரிங் அனுப்பினாலும் பதிவு(ஸ்ட்ரிங்) ஓடாது, ஜெனரிக்தான் ஓடும். சி++ டெம்ப்ளேட் பழகியவர்களுக்கு இது கண்ணில் படாத பிழை. உள்ளே டைப்பைச் சோதித்து, ஸ்ட்ரிங் என்றால் அந்த ஓவர்லோடை நேரடியாக அழையுங்கள்.

விஷுவல் ஸ்டுடியோவில் மெத்தட் பெயர்மேல் மவுஸை வைத்தால், டி நிரம்பிய வடிவமே தெரியும். ஜெனரிக்தான் வேண்டுமென்றால் பதிவு<ஸ்ட்ரிங்>(பெயர்) என்று டைப்பையும் எழுதிவிடுங்கள். சாதாரண மெத்தடுகள் போட்டிக்கே வராது.